தொட்டால் எங்கே போகும்?

மே மாதக் காலை. ஒன்பது மணிக்கு பிளஸ் டூ ரிசல்ட். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பிரவுசிங் சென்டரில் கையில் ஹால் டிக்கெட் ஜெராக்ஸோடு ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். வாசல் படியில் ஒரு மாணவி செல்போனை நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறாள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ஒரு லிங்க் போட்டிருக்கிறார், அத்தை மகன் இன்னொன்று, ட்யூஷன் குரூப்பில் மூன்று. ஒன்று நீல எழுத்தில் நீளமாக ஓடிப் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. ஒன்றில் அரசு முத்திரையும் மாணவிகள் துள்ளிக் குதிக்கும் படமும் கட்டம் கட்டி வந்திருக்கின்றன. ஒன்று மொத்தமே பத்துப் பன்னிரண்டு எழுத்துதான். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பதன் தலைமேல் பொடி எழுத்தில் ‘ஸ்பான்சர்டு’.

“அண்ணா, இதுல எதுண்ணா ஒரிஜினல்?”

கடைக்காரருக்கு இது பழகிய கேள்வி. அவர் கூகுள் பக்கமே போவதில்லை. ‘டிஎன்ரிசல்ட்ஸ் டாட் நிக் டாட் இன்’ என்று மேலே தானே தட்டுகிறார்.

ரிசல்ட்டை வேறு தளத்தில் பார்த்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. நாலு விளம்பரம் பார்க்க வேண்டியிருக்கும், ஏதோ ஒரு கல்லூரி போன் நம்பர் கேட்கும், அவ்வளவுதான். அதே கேள்வி கரன்ட் பில், டிராஃபிக் அபராதம், பேங்க் கேஒய்சி என்று வரும்போது கதை வேறு. 2024-ல் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய ஆண்டைவிட மூன்று மடங்கு. இந்தப் பணம் அத்தனையும் லிங்க் வழியாகப் போனதல்ல. ஆனால் எங்கேயோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் எதையோ தொட்டதில்தான் இப்படிப்பட்ட கதைகளில் பல தொடங்குகின்றன.

நீலம் வந்த கதை

லிங்க்குக்கு இரண்டு பாகம். நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தோ படமோ பொத்தானோ ஒன்று. அதற்குப் பின்னால் இருக்கும் முகவரி இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ‘ரிசர்வ் வங்கி’ என்று எழுதிவிட்டு மளிகைக் கடைக்கு அனுப்பலாம். தொழில்நுட்பம் அதைத் தடுக்காது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் இதன் கிளைகள்தான்.

1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்திலிருந்து வலையை வெளியுலகுக்குத் திறந்துவிட்டபோது லிங்க் நீலமாக இல்லை. அப்போது பலர் கையாண்ட பிரவுசரில் வெறும் எழுத்துதான் தெரியும். சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும், அந்த எண்ணைத் தட்டினால் பக்கம் திறக்கும். 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மொசைக் பிரவுசர்தான் நீல எழுத்து, அடிக்கோடு, ஏற்கெனவே போய் வந்த இடத்துக்கு ஊதா என்ற வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது.

அந்த வழக்கம் தேய்ந்தது பிறகு. 2013-ல் ஆப்பிள் தன் ஐபோன் திரையிலிருந்து பொத்தான்களின் விளிம்பை எடுத்தது. 2014-ல் கூகுள் தேடல் முடிவுகளின் அடிக்கோட்டை நீக்கியது. ஒரு காலத்தில் கூகுள் விளம்பரங்களுக்குத் தனி வண்ணப் பின்புலம் இருந்தது. அது போய், மஞ்சள் நிறத்தில் சின்னக் கட்டம் வந்தது. மஞ்சள் பச்சையானது, பச்சை கறுப்பானது. 2020 ஜனவரியில் விளம்பரத்துக்கும் உண்மையான முடிவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று பெரிய கூச்சல் எழுந்து, கூகுள் கொஞ்சம் பின்வாங்கியது. 2023 அக்டோபரில் எக்ஸ் தளம் செய்திகளின் தலைப்பையே எடுத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் காட்டியது. எது புகைப்படம், எது செய்தி லிங்க் என்று தெரியாமல் வாசகர்கள் தவித்தார்கள். அழகுக்காக என்றார்கள். யாருடைய அழகோ!

பழைய ஒழுக்கத்தை விடாமல் வைத்திருப்பது விக்கிப்பீடியா. அங்கே உள்ளே போகும் லிங்க் நீலம். இன்னும் யாரும் எழுதாத கட்டுரைக்குச் சிவப்பு. வெளித்தளத்துக்குப் போவதென்றால் பக்கத்தில் ஒரு குட்டி அம்புக்குறி. தமிழ் விக்கிப்பீடியாவிலும் இதே முறைதான். தொடுவதற்கு முன்பே, இங்கேயே இருப்போமா வெளியே போவோமா, போன இடத்தில் ஏதாவது இருக்குமா என்பது தெரிந்துவிடுகிறது. ஒரு லிங்க்கிடம் வாசகன் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

விரலுக்குக் கண் இல்லை

கம்ப்யூட்டரில் மவுஸ் அம்பை லிங்க்மேல் வைத்தால் போதும், திரையின் கீழ் மூலையில் முகவரி தெரியும். செல்போனில் விரல் பட்டாலே கதவு திறந்துவிடும். அழுத்திப் பிடித்தால் முகவரி காட்டும் வசதி பெரும்பாலான போன்களில் உண்டு. இதை அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்களும் அவசரத்தில் செய்வதில்லை.

வாட்ஸ்அப்பில் கட்டம் கட்டி வரும் முன்னோட்டப் படமும் தலைப்பும் இன்னொரு குழப்பம். அந்தப் படத்தையும் தலைப்பையும் வாட்ஸ்அப் சரிபார்த்துப் போடுவதில்லை. அந்தத் தளத்தை நடத்துபவர் எதைக் காட்டச் சொல்லியிருக்கிறாரோ அதுதான் வரும். அசோகச் சின்னத்தை வைக்கச் சொல்லியிருந்தால் அசோகச் சின்னம் வரும்.

பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் பாடமே நடத்தினார்கள். பூட்டுக்கு அர்த்தம், நம் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே. அந்தத் தளத்தை நடத்துபவன் நல்லவன் என்று அது சான்றிதழ் கொடுக்கவில்லை. மோசடித் தளங்களும் இன்று பூட்டோடுதான் வருகின்றன. கூகுள் நடத்திய ஆய்வில் பூட்டின் பொருளைச் சரியாகச் சொன்னவர்கள் 11 சதவீதம் பேர்தான். 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசர் அந்தப் படத்தையே கைவிட்டது.

இனிஷியலைப் பார்க்காதே, பெயரைப் பார்

முகவரியைப் படிப்பது ஒரு சின்னப் பயிற்சி. தமிழர் பெயரில் இனிஷியல் முன்னால் நிற்கும், ஆளின் பெயர் பின்னால் வரும் அல்லவா? இணைய முகவரியும் அப்படித்தான். முன்னால் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். சொந்தக்காரர் யார் என்பது கடைசியில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி இடப்பக்கமாகப் படிக்க வேண்டும்.

‘எஸ்பிஐ டாட் கேஒய்சி-அப்டேட் டாட் காம்’ என்று ஒரு முகவரி வந்தால், அதில் எஸ்பிஐ என்பது வெறும் இனிஷியல். சொந்தக்காரர் ‘கேஒய்சி-அப்டேட்’ என்ற பெயரைப் பணம் கட்டிப் பதிந்த யாரோ ஒருவர். சாய்கோட்டுக்கு அப்புறம் எத்தனை முறை ‘எஸ்பிஐ’, ‘கவர்மென்ட்’ என்று வந்தாலும் அதற்கு மதிப்பில்லை. ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும் பெயரை அரசு அமைப்புகள் மட்டுமே வாங்க முடியும். ஆனால் ‘ஜிஓவி-இன் டாட் காம்’ என்பதை யாரும் வாங்கலாம். ஒரு புள்ளிக்கும் ஒரு சின்னக் கோட்டுக்கும் நடுவே இருக்கிறது வித்தியாசம்.

பழகிய கண்ணையும் ஏமாற்ற வழி உண்டு. ரஷ்ய எழுத்து வரிசையில் உள்ள சில எழுத்துகள் ஆங்கில எழுத்தைப் போலவே இருக்கும். 2017-ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அப்படிப்பட்ட எழுத்துகளை மட்டுமே வைத்து ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியை அச்சு அசலாக உருவாக்கிக் காட்டினார். குரோம் உட்படச் சில முக்கிய பிரவுசர்களே வித்தியாசம் காட்டவில்லை, குரோமில் பிறகுதான் திருத்தினார்கள். தமிழிலும் இந்தச் சிக்கல் இல்லாமலில்லை. ‘டாட் இந்தியா’, ‘டாட் இலங்கை’, ‘டாட் சிங்கப்பூர்’ என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகள் புழக்கத்தில் உண்டு. ‘ஔ’ என்ற ஓரெழுத்தும் ‘ஒள’ என்ற ஈரெழுத்தும் திரையில் பார்க்க ஒன்றுபோல இருக்கும். எ-வும் ஏழைக் குறிக்கும் பழைய தமிழ் எண்ணான ௭-வும் அப்படியே. கம்ப்யூட்டருக்கு இவை வேறு வேறு.

▣ பெட்டிச் செய்தி: பக்கத்துக்குப் போகாத லிங்க்குகள்

● ‘மெயில்டு’ என்று தொடங்கினால் மின்னஞ்சல் எழுதும் பெட்டி திறக்கும். ‘டெல்’ என்றால் போன் டயல் ஆகத் தயாராகும்.

● ‘யுபிஐ’ என்று தொடங்குவது நேராக ஜிபே, போன்பே போன்ற ஆப்களைத் திறக்கும். யாருக்கு, எவ்வளவு என்பதை முன்கூட்டியே நிரப்பி அனுப்ப முடியும். பணம் பெறுவதற்கு ஒருபோதும் பின் நம்பர் தேவையில்லை.

● ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது பக்கமும் அல்ல, படமும் அல்ல. ஆண்ட்ராய்டு போனில் ஏறி உட்காரும் ஆப்.

● ‘#’ என்று தொடங்கினால் பெரும்பாலும் அதே பக்கத்தின் வேறு பகுதிக்குத் தாவும்.

● கேள்விக்குறிக்குப் பின்னால் ‘யுடிஎம்’, ‘எஃப்பிகிளிட்’ என்று நீளும் வால், நாம் எங்கிருந்து வந்தோம் என்று கணக்கு வைப்பதற்கானது. வெட்டிவிட்டாலும் பக்கம் திறக்கும்.

யாரும் போடாத லிங்க்

2022-ல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் ஒரு குறுஞ்செய்தி சுற்றியது. போன மாத பில் பதிவாகவில்லை, இன்று இரவு ஒன்பதரைக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று ஒரு செல் நம்பர். மோசடிக்காரர் அதில் லிங்க் எதுவும் போடவில்லை. போனே போட்டுக்கொடுத்தது. பத்து இலக்கத்தைப் பார்த்ததும் அதற்கு அடிக்கோடிட்டு, தொட்டால் டயல் ஆகும்படி மாற்றித் தருவது ஸ்மார்ட்போனின் சேவை. கூப்பிட்டவர்களிடம், நம் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க உதவும் ஆப் ஒன்றை ஏற்றச் சொன்னார்கள். பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பாருங்கள் என்றார்கள். கட்டும்போது பாஸ்வேர்டை அங்கிருந்து பார்த்துக்கொண்டார்கள்.

மின்வாரியம் அப்போதே எச்சரித்தது. ஆனால் ராத்திரி கரன்ட் போகும் என்ற பயத்துக்கு முன்னால் எச்சரிக்கை எடுபடுவது கஷ்டம், அதுவும் கோடைக் காலத்தில்.

அடுத்த அலை ஏபிகே. வண்டிக்கு அபராதம் என்று ஒரு செய்தி, கூடவே ‘ஆர்டிஓ சலான்’ என்ற பெயரில் ஒரு ஃபைல். முகூர்த்த மாதம் வந்தால் அதே ஃபைல் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். அனுப்புவது நமக்குத் தெரிந்த நம்பராகவே இருக்கும், ஏனென்றால் அவருடைய போன் நேற்றே போய்விட்டது. தொட்டால் உடனே ஏறாது. ‘தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப்பை அனுமதிக்கவா?’ என்று ஆண்ட்ராய்டு கேட்கும். பத்திரிகையைப் பார்க்கும் ஆசையில் ‘சரி’ கொடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் ‘சரி’ கொடுத்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓடிபி அனைத்தும் வேறொருவர் கைக்குப் போகும். உண்மையான அபராதம் இருக்கிறதா என்று பார்க்க ‘பரிவாகன் டாட் ஜிஓவி டாட் இன்’ போதும். அதற்கு எந்த ஃபைலும் ஏற்ற வேண்டியதில்லை.

க்யூஆர் கோடும் லிங்க்தான், மனிதக் கண்ணால் படிக்கவே முடியாத லிங்க். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் வாசலில் இருந்த க்யூஆர் அட்டைமேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் வாடிக்கையாளர்கள் பணம் கட்டக் கட்ட, கடைக்காரர்கள் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. கட்டும் முன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்பது சங்கோஜமான காரியம்தான். கேட்டால் முதல் பில்லிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

▣ பெட்டிச் செய்தி: தொட்டுவிட்டீர்களா?

வெறுமனே திறந்து பார்த்ததற்காகப் பணம் போவது அபூர்வம். விவரம் நிரப்பியதோ ஆப் ஏற்றியதோதான் வினை. ஆப் ஏறியிருந்தால் முதலில் போனின் இணையத்தை நிறுத்துங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். வங்கி நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கம் இருக்கிறது. பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு. எழுத்துப் புகாருக்கு ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’.

கமிஷன் லிங்க்

திருட்டு அல்லாத, ஆனால் முகம் மறைத்த லிங்க்குகள் இன்னொரு ரகம். யூடியூபில் மிக்ஸி பற்றி ஒருவர் பேசுவார், ‘லிங்க் கீழே டிஸ்கிரிப்ஷன்ல’ என்பார். அதைத் தொட்டு வாங்கினால் அவருக்குக் கமிஷன். இதில் தப்பில்லை, சொல்லிவிட்டால். சொல்லாமல் செய்வதுதான் பிரச்சினை. விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2021-லும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும், காசு வாங்கிப் பேசினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டன.

தேடுபொறிகளுக்கு மட்டும் இந்த விஷயம் ரகசியமாகச் சொல்லப்படுகிறது என்பதுதான் வேடிக்கை. ஒரு லிங்க்கை இன்னொரு தளத்துக்குப் போட்ட ஓட்டாகக் கருதி வளர்ந்தது கூகுள். ஓட்டு என்றால் விலைக்கும் போகும் அல்லவா? போனது. அதனால் 2005-ல் ‘நோஃபாலோ’ என்றும், 2019-ல் ‘ஸ்பான்சர்டு’ என்றும் லிங்க்குக்குள் குறிப்பு எழுதும் முறை வந்தது. அந்தக் குறிப்பு இயந்திரத்துக்குத் தெரியும், வாசகனுக்குத் தெரியாது.

ஃபான்ட்டோ பழைய பாடலோ இறக்கப் போனவர்களுக்கு இன்னொன்று நன்றாகத் தெரியும்: ஒரே பக்கத்தில் ஐந்து ‘டவுன்லோடு’ பொத்தான். பெரிதாகப் பச்சையாக மின்னுபவை விளம்பரம், ஓரத்தில் பொடியாக இருப்பதுதான் அசல். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘டார்க் பேட்டர்ன்’ என்னும் 13 வகைத் தந்திரங்களைத் தடைசெய்தது. விளம்பரத்தை வேறு ஏதோபோலக் காட்டுவதும் அதில் ஒன்று. தடை வந்த பிறகும் பச்சைப் பொத்தான்கள் மின்னிக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்ஸ்டாகிராம் எதிர்த்திசையில் போனது. பதிவின் எழுத்தில் லிங்க் போட்டாலும் அது வெறும் எழுத்துதான், தொட்டால் திறக்காது. ‘லிங்க் இன் பயோ’ என்ற வழக்கு அங்கே பிறந்தது. வெளியே போகும் கதவைக் குறைத்துவிட்டால் ஆள் உள்ளேயே சுற்றுவார் என்பது கணக்கு.

கேட்டு வாசிப்பவர்களுக்கு

பார்வையற்றவர்கள் என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான் மென்பொருள்கள் மூலம் இணையத்தைக் கேட்கிறார்கள். பக்கம் முழுவதையும் வரிவரியாகக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது? ஒரு பக்கத்தின் லிங்க்குகளை மட்டும் பட்டியலாக்கித் தரும் வசதி அவற்றில் உண்டு. பல தமிழ்ச் செய்தித் தளங்களில் அப்படிப் பட்டியல் எடுத்தால் வருவது: மேலும் வாசிக்க, மேலும் வாசிக்க, மேலும் வாசிக்க. எதைப் பற்றி என்று எதிலும் இல்லை. அரசுத் தளங்களில் ‘இங்கே கிளிக் செய்யவும்’. படமாக வைத்த லிங்க்குக்கு விளக்கம் எழுதாமல் விட்டிருந்தால் ஃபைல் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்துத் தீர்க்கும்.

‘முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம், பிடிஎஃப்’ என்று லிங்க்கிலேயே எழுதிவிட்டால் முடிந்தது வேலை. உலக அளவிலான அணுகல் விதிகள் இதைத்தான் சொல்கின்றன. நிறத்தை மட்டும் வைத்து லிங்க்கைக் காட்டாதே என்பதும் அதே விதிகளில் உண்டு, நிறக்குருடு உள்ளவருக்கு லிங்க்கின் நிறமும் மற்ற எழுத்தின் நிறமும் பிரிந்து தெரியாமல் போகலாம் என்பதால். இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளிலும் இவை இடம்பெற்றிருக்கின்றன. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றே தீர்ப்பளித்தது. அந்த வழக்கு, வங்கிக் கேஒய்சி முறைகளை முடிக்க முடியாமல் தவித்த ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவரும் தொடுத்தது.

பழக்கிவிட்டது யார்?

‘தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்’ என்று வங்கி ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது. மறுநாள் அதே வங்கி, தனிநபர் கடன் தயாராக இருக்கிறது என்று சுருக்கப்பட்ட லிங்க் ஒன்றை அனுப்புகிறது, ஐந்தாறு எழுத்தில், வங்கியின் பெயர்கூட இல்லாமல். வாடிக்கையாளர் எதைக் கற்றுக்கொள்வார்? ஏமாந்தவரைப் பார்த்து ‘படித்தவர்தானே, யோசிக்க வேண்டாமா’ என்பது நம் ஊரில் சுலபமாக வரும் வார்த்தை. பல ஆண்டுகளாகக் கண்ட லிங்க்கையும் தொடப் பழக்கிவிட்ட நிறுவனங்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

கொஞ்சம் மாற்றம் வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், முன்பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிகக் குறுஞ்செய்திகளைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உத்தரவிட்டது. 2025-ல் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டது: ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ என்றால் பரிவர்த்தனை, ‘ஜி’ என்றால் அரசு. வங்கியின் அவசரச் செய்தி பத்து இலக்க செல் நம்பரிலிருந்து வந்தால் அங்கேயே சந்தேகப்படலாம். வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தாது. மோசடியும் அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது.

பெரிய மாற்றம் முகவரியில். எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. அந்தப் பெயர்களை வழங்கும் அதிகாரம் ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனத்துக்கு மட்டுமே. எஸ்பிஐ இப்போது ‘எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்’. வாடிக்கையாளர் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு வால்தான்.

பழைய முகவரிக்கு என்ன ஆகும்?

இதில் யாரும் அதிகம் பேசாத சங்கதி ஒன்று உண்டு. லிங்க்குகள் சாகும். 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போய்விட்டன என்று ப்யூ ஆய்வு மையம் 2024-ல் கண்டறிந்தது. விக்கிப்பீடியா பக்கங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், மேற்கோள் காட்டிய லிங்க்குகளில் ஒன்றாவது செத்துக் கிடக்கிறது. கூகுளே தன் ‘கூ டாட் ஜிஎல்’ சுருக்க முகவரிகளை 2025 ஆகஸ்டில் மொத்தமாக மூடப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் புழக்கத்தில் உள்ளவற்றை விட்டுவைத்தது.

செத்த லிங்க் 404 என்று கைவிரித்தால் பரவாயில்லை. வேறு ஆள் குடிவந்துவிட்டால்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் வீடியோ கேம் வழக்கொன்றில் தந்த தீர்ப்புடன் நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதிய கருத்தில், ஒரு தளத்தின் முகவரி அடிக்குறிப்பாக வந்தது. பிறகு அந்தப் பெயரின் பதிவு காலாவதியானது. யாரோ அதை வாங்கி, நீதிபதியைக் கிண்டல் செய்து ஒரு பக்கம் போட்டுவிட்டார். நாட்டின் உச்ச நீதிமன்ற ஆவணத்திலிருந்து நேராக அந்தக் கிண்டலுக்கு வழி திறந்தது.

அங்கே கிண்டலோடு போயிற்று. இங்கே வங்கிகள் விட்டுவிட்டு வந்த பழைய முகவரிகள் பாஸ்புக்கிலும் காலண்டரிலும் காசோலைப் புத்தகத்திலும் அச்சாகி வீடு வீடாகக் கிடக்கின்றன. போன்களில் புக்மார்க்காக இருக்கின்றன. இப்போதைக்கு அவற்றைத் தொட்டால் புதிய முகவரிக்குத் தானாகக் கொண்டுபோய் விடும்படி வங்கிகள் வைத்திருக்கின்றன. ஒரு பெயரைப் பதிவில் வைத்திருக்க ஆண்டுக்குச் சில நூறு ரூபாயோ சில ஆயிரமோதான் ஆகும். பெரிய வங்கிகளுக்கு அது செலவே இல்லை. இணைப்பு, பெயர்மாற்றம் என்று அலைக்கழியும் சிறிய கூட்டுறவு வங்கி ஒன்றில், ஐந்தாறு வருடம் கழித்து, பழைய பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நாளை யார் குறித்து வைத்திருப்பார்கள் என்பதை அந்தந்த வங்கியின் கணக்குப் பிரிவிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.